பழைய மோட்டார் வண்டிகளில் மின்சாரப் பெட்ரோல் பம்பு இடையிடையே நின்றுபோதல்: காரணமும் பரிகாரமும்

பழைய மோட்டார் வண்டியை வைத்துப் பேணிவரும் நிலச்சுவான்தார்களுக்கு அடிக்கடி நேரும் தொல்லை ஒன்று உண்டு. வீட்டு வாயிலில் செவ்வையாய்ப் புறப்பட்ட வண்டி, சில கிலோமீட்டர் சென்றதும் இழுவை குன்றி நின்றுவிடுகிறது. கால்மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், ஒன்றும் நேராதது போல் மறுபடியும் ஓடுகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனாலோ கோளாறு தலைகாட்டுவதில்லை. பட்டறைக்காரர் ஊகத்தின் பேரில் பிளக்குகளையும் கார்புரேட்டரையும், கடைசியில் பம்பையுமே மாற்றிவிடுகிறார். செலவு ஏறுகிறதேயன்றிக் குற்றம் நீங்குவதில்லை. நோயாளியையோ விதை மூட்டையையோ ஏற்றிவரும் வண்டி இரவில் ஊர்களுக்கு நடுவே நின்றுவிடுமாயின் அதனால் வரும் இடர் சிறிதன்று. இத்தகைய கோளாற்றை அது நேர்ந்திருக்கும் சமயத்திலேயே சோதித்தறிய வேண்டும். அதற்கு முதலில் வேண்டுவது கூர்ந்து கேட்கும் காது.

பம்பு வேலை செய்யும் விதம்

இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட மாரிஸ் மைனர் வண்டியை உதாரணமாகக் கொள்ளலாம். இதன் எஞ்சின் அறையின் பின்சுவரில் எஸ்.யூ. வகை மின்சாரப் பம்பு பொருத்தப்பட்டிருக்கிறது. சாவியைத் திருப்பியவுடன் பம்பினுள் இருக்கும் கம்பிச் சுருள் காந்தமாகி, டயாபிரம் எனப்படும் சவ்வை இழுக்கிறது. அவ்விழுப்பினால் டாங்கியிலிருந்து பெட்ரோல் பம்புக்குள் வருகிறது. இழுப்பு முடியும் தறுவாயில் இரண்டு பாயிண்டுகள் பிரிந்து மின்சாரம் அறுபடுகிறது. உடனே சுருள்வில் சவ்வைத் திரும்பத் தள்ள, பெட்ரோல் கார்புரேட்டருக்குச் செல்கிறது. பாயிண்டுகள் மறுபடி சேர, இவ்வேலை திரும்பத் திரும்ப நடைபெறுகிறது. ஒவ்வொரு தடவையும் எழும் "டிக்" என்னும் ஓசையே பம்பின் நாடித் துடிப்பாகும்.

கார்புரேட்டரின் மிதவை அறை நிரம்பியதும் ஊசி வால்வு மூடிக்கொள்வதால் பம்பு தானே ஓய்ந்துவிடும். ஆகையால் ஓசை இல்லாமை மட்டுமே கோளாற்றுக்கு அடையாளமன்று.

வண்டி நின்றவுடன் செய்ய வேண்டுவன

முதலில் டாங்கியில் பெட்ரோல் உள்ளதா என்பதை ஒரு சுத்தமான குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். அளவுகாட்டி முள்ளை நம்புதல் கூடாது. பின்பு எஞ்சின் ஆறும்வரை பொறுத்துச் சாவியை அணைத்துவிட்டு, கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி அதன் முனையை ஒரு பாத்திரத்துக்குள் விட வேண்டும். பீடி, சுருட்டு, விளக்கு ஆகியவை அருகில் இருத்தலாகாது. அதன்பின் சாவியைத் திருப்பிக் கேட்டால் கீழ்க்கண்ட நிலைகளில் ஒன்று புலப்படும்.

(1) ஓசையே இல்லாவிடில், குறை மின்சாரத்தின் பக்கத்தது. சாவியை அணைத்துக் குழாயை மாட்டி, சிந்திய பெட்ரோலைத் துடைத்து உலரவிட்ட பிறகே மேற்கொண்டு சோதிக்கலாம். பம்பின் முனையில் கம்பி மாட்டியிருக்கும்போதே, 12 வோல்ட் பல்பு ஒன்றின் ஒரு கம்பியை அம்முனையிலும் மற்றதை வண்டியின் துருவில்லாத இரும்பிலும் வைத்துச் சாவியைத் திருப்ப வேண்டும். பல்பு எரியாவிட்டாலும் மங்கினாலும் சாவியிலோ இடைப்பட்ட இணைப்பிலோ தளர்ச்சி உண்டு. நன்றாக எரிந்தும் பம்பு அசையாவிட்டால், பம்பின் உடலிலிருந்து வண்டியின் இரும்புக்குத் தனிக் கம்பி ஒன்று கொடுத்துப் பார்க்கலாம். அப்பொழுது துடித்தால் எர்த் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது என்று அறியலாம். அதனாலும் பயனின்றிப் பம்பை மெல்லத் தட்டியதும் துடிக்குமானால், பாயிண்டுகள் கருகியிருப்பதே பெரும்பாலும் காரணமாகும். சாவியை அணைத்து மூடியைக் கழற்றி, அவற்றினிடையே தடித்த சுத்தமான காகிதத்தைச் செருகி இழுத்தால் அழுக்கு நீங்கும். குழிவிழுந்த பாயிண்டுகளை மாற்றிவிடுதலே நலம். தட்டி ஓட்டுதல் வீடு சேருவதற்கு உதவுமேயன்றி நிலையான பரிகாரமாகாது.

(2) ஓசை மிக வேகமாக இருந்தும் பெட்ரோல் வராமலோ குமிழிகளுடன் வந்தாலோ, டாங்கிக்கும் பம்புக்கும் இடையே காற்றுப் புகுகிறது. வெடித்த ரப்பர்க் குழாயையும் தளர்ந்த இணைப்புகளையும் பார்க்க வேண்டும். கோடையில் எஞ்சின் சூட்டினால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாவதும் இவ்வாறே தோன்றும். ஆறியதும் சரியாகுமாயின் குழாயைச் சூட்டினின்று விலக்கி அமைத்தல் தக்கது.

(3) ஓசை மெதுவாகித் திணறினால், எங்கோ அடைப்பு உண்டு. டாங்கியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். காற்று "உஸ்" என்று உட்புகுந்து பம்பும் விரைவடைந்தால், மூடியின் காற்றுத்துளை அடைபட்டுள்ளது. பெட்ரோல் குறையக் குறைய டாங்கியில் வெற்றிடம் பெருகி வண்டியை நிறுத்துகிறது. நின்ற பின் காற்று சிறிது சிறிதாகப் புகுவதால் வண்டி மறுபடி ஓடுகிறது. பலரை ஏமாற்றிப் பணம் செலவிடச் செய்யும் இக்குற்றத்துக்கு ஒரு மெல்லிய கம்பியே போதிய மருந்து. துளை சரியாக இருந்தால் பம்பின் வடிகட்டியைக் கழுவ வேண்டும். டாங்கியிலுள்ள துருவும் குழாய் வாயில் ஒட்டிப் பின்பு விழுந்துவிடுவதுண்டு. பம்பினின்று கழற்றிய குழாய் வழியே டாங்கியை நோக்கிக் காற்றடிக்கலாம். பம்புக்குள் காற்றடித்தால் வால்வுகள் கெடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

நம் நாட்டில் 2023 முதல் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. கரும்பு, மக்காச்சோளம், அரிசி ஆகிய விளைபொருள்களிலிருந்து எத்தனால் கிடைப்பதால், பயிர்த்தொழிலுக்கு இதனால் ஆதாயம் உண்டு. எனினும் பழைய வண்டிகள் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர் வகைகள் சிலவற்றை ஊதவும் வெடிக்கவும் செய்யும். டாங்கியில் படிந்த கசடை இளக்கி வடிகட்டிக்கு அனுப்பும். ஆகவே எத்தனாலைத் தாங்கவல்ல குழாய்களையும் சவ்வையும் கேட்டு வாங்கிப் போடுதலும், வடிகட்டியை அடிக்கடி கழுவுதலும், வண்டியை மாதக்கணக்கில் பெட்ரோலுடன் நிறுத்திவைக்காமல் இருத்தலும் அவசியம்.

வண்டி நிற்கும் ஒவ்வொரு தடவையும், ஓடிய தூரம், வெயிலின் கடுமை, டாங்கியில் இருந்த பெட்ரோல், பம்பின் ஓசை ஆகிய நான்கையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருதல் நன்று. இரண்டு மூன்று குறிப்புகள் சேர்ந்தவுடன் குற்றம் மின்சாரத்திலா பெட்ரோல் வழியிலா என்பது தெளிவாகும். அதன் பின்னரே புதிய பம்பைப் பற்றி யோசிப்பது தக்கது.