சராசரி மழையும் காய்ந்த கதிரும்

"மேனேஜர் சார், இனிமே நம்ம பக்கம் மழை கூடுமா குறையுமா? ஒரே வார்த்தைல சொல்லுங்க."

எங்கள் உழவர் குழுக் கூட்டத்தில் பக்கத்து நிலத்துக்காரர் இப்படிக் கேட்டார். வங்கியை விட்டு வந்து பல வருடம் ஆகிவிட்டது, ஆனாலும் வடலூரில் நான் இன்னும் மேனேஜர்தான். "மழை கூடலாம், வறட்சியும் கூடும்" என்றேன். "இதுக்கு உங்களைக் கேட்காமலே இருந்திருக்கலாம்" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் பதில் அதுதான். ஏன் என்பதை அன்று சொல்ல நேரமில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் நிலத்துக் கதை. 2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். கடலூர் மாவட்டமே மிதந்தது. பள்ளக்காலில் நான் போட்டிருந்த இரண்டு ஏக்கர் மாப்பிள்ளைச் சம்பா ஒன்பது நாள் தண்ணீருக்குள் கிடந்தது. அடுத்த வருடம் அதே இரண்டு ஏக்கர், அதே விதை. ஐப்பசியில் வர வேண்டிய அடைமழை வரவில்லை. கார்த்திகையும் ஏமாற்றியது. கதிர் வெளியே வந்து பால் பிடிக்க வேண்டிய நேரத்தில் வயலில் கால் வைத்தால் விரல் நுழைகிற வெடிப்பு. கடைசியில் மாட்டை விட்டு மேய்த்தேன்.

தமிழ்நாடு முழுவதுக்குமான கணக்கைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை 2015இல் இயல்பைவிட 53 சதவீதம் அதிகம், 2016இல் 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. இப்போது இரண்டு வருடத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இயல்புக்கு ஐந்து சதவீதம்கூடக் குறையவில்லை. காகிதத்தில் நல்ல மழை. நிலத்தில் இரண்டு போகமும் போச்சு.

வங்கியில் இதை தினமும் பார்த்திருக்கிறேன். ஒருவருடைய கணக்கில் வருடச் சராசரி இருப்பு அழகாக இருக்கும். ஆனால் செக் வந்த அன்று பணம் இல்லையென்றால் அது திரும்பத்தான் செய்யும். பயிருக்கும் அப்படித்தான். மார்கழியில் கதிர் கேட்கிற தண்ணீரை ஐப்பசி வெள்ளத்தைக் காட்டிச் சமாளிக்க முடியாது.

இனி வருங்காலக் கணிப்புக்கு வருவோம். வானிலை மையம் நாளைக்கு மழை என்பது முன்னறிவிப்பு. 2050இல் எப்படி இருக்கும் என்று விஞ்ஞானிகள் சொல்வது அந்த வகை அல்ல. நாங்கள் கடன் மனுவோடு ஐந்து வருட உத்தேச வரவுசெலவு கேட்போமே, அந்த மாதிரி. "விற்பனை இவ்வளவு இருந்தால், வட்டி இவ்வளவு இருந்தால், லாபம் இவ்வளவு." புகை இவ்வளவு போனால் சூடு இவ்வளவு, சூடு இவ்வளவு ஆனால் மழை இவ்வளவு என்று பல கணினி மாதிரிகளை ஓட்டிப் பார்க்கிறார்கள். எத்தனை மாதிரிகள் ஒரே பக்கம் சாய்கின்றன என்பதை வைத்துத்தான் எதை எவ்வளவு நம்புவது என்று முடிவு செய்ய வேண்டும்.

சூடு விஷயத்தில் எல்லா மாதிரிகளும் ஒரே பக்கம். அதுவும் ஏற்கெனவே நடந்துகொண்டிருப்பதுதான். ஒன்றிய அரசின் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 1901 முதல் 2018 வரை இந்தியாவின் சராசரி வெப்பம் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951 முதல் 2015க்குள் சுமார் 1 டிகிரி சூடாகியிருக்கிறது. மழை விஷயத்தில் தெற்காசியாவில் பருவமழை கூடும் என்றே பெரும்பாலான மாதிரிகள் காட்டுகின்றன. ஆனால் எவ்வளவு கூடும், எந்தப் பகுதிக்கு என்பதில் மாதிரிக்கு மாதிரி விடை மாறுகிறது. கனமழை கூடும் என்பதில் மட்டும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

மழை கூடினால் வறட்சி எப்படிக் கூடும்? இங்கேதான் நாம் கவனிக்காத ஒரு செலவு இருக்கிறது, காற்றின் தாகம். காற்று ஒரு டிகிரி சூடானால் அது பிடித்துக்கொள்ளக்கூடிய ஈரம் 6 முதல் 7 சதவீதம் கூடும். பெய்யும்போது அவ்வளவையும் சேர்த்துக் கொட்டும். பெய்யாத நாட்களில் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் கூடுதலாக உறிஞ்சும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் என்பது சுமார் 4,000 லிட்டர். நல்ல வெயிலில் பயிரும் மண்ணும் சேர்ந்து நாளொன்றுக்கு 5 மி.மீ. இழப்பதாக வைத்துக்கொண்டால் ஏக்கருக்கு 20,000 லிட்டர். அந்த இழப்பு 5 சதவீதம் கூடினால் தினம் 1,000 லிட்டர் கூடுதல் செலவு. 20 நாள் தாங்குகிற ஈரம் 19 நாளில் தீரும். ஒரு நாள்தானே என்று தோன்றும். பூக்கிற நேரத்தில் மல்லாட்டைக்கு அந்த ஒரு நாள் என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்துச் செம்மண் மேட்டில் பயிர் வைப்பவர்களைக் கேளுங்கள்.

ஆகவே வறட்சியை மழைக் கணக்கால் மட்டும் அளப்பது வரவை மட்டும் எழுதிச் செலவை எழுதாத பேரேடு. மழையை மட்டும் பார்க்கும் குறியீடு ஒன்று 1993 முதல் இருக்கிறது. ஆவியாதலையும் கழித்துப் பார்க்கும் குறியீடு 2010இல்தான் வந்தது. முதலாவதை வைத்து வருங்காலத்தைப் பார்த்தால் நமக்குப் பயமில்லை போலத் தெரியும். இரண்டாவதை வைத்துப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும்.

இடையில் ஒரு வார்த்தை. எல் நினோ என்றதும் டிவியில் வறட்சி வறட்சி என்கிறார்கள். அது பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்களுக்கான பேச்சு. நம்முடைய ஐப்பசி, கார்த்திகை மழைக்கு எல் நினோ பல சமயம் நன்மையே செய்கிறது. 2015 எல் நினோ வருடம். நாம் காய்ந்த 2016இல் பசிபிக்கில் இருந்தது பலவீனமான லா நினா. அதையும் விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், 2021இல் லா நினா இருந்தும் மழை கொட்டித் தீர்த்தது.

நிலத்தடி நீர் இருக்கிறதே என்பீர்கள். எங்கள் பக்கம் அந்தப் பேச்சை எடுத்தால் சுரங்கம் வரை போகும். அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும். போரை ஆழப்படுத்தச் சொல்லி மகன் இரண்டு முறை சொன்னான். கடன் கொடுத்துப் பழகிய கை, திரும்பி வராத முதலீட்டுக்கு நீளவில்லை.

செய்தது வேறு. பள்ளக்கால் இரண்டு ஏக்கரையும் ஒரே ரகத்தில் போடுவதை நிறுத்தினேன். மாப்பிள்ளைச் சம்பா நீண்ட வயது. மழை டிசம்பர் நடுவில் நின்றுவிட்டால் அதன் கடைசி ஒரு மாதம் கடனில்தான் ஓடும். அதனால் ஒரு ஏக்கர் மட்டும் அது, இன்னொரு ஏக்கர் குறுகிய வயதுப் பூங்கார். மேட்டு நிலத்தில் மல்லாட்டையோடு கம்பும் துவரையும். தக்கைப்பூண்டு மடக்கி உழுத பாத்தியிலும் வைக்கோல் மூடாக்கு போட்ட முந்திரி அடியிலும், வெறும் மண் வெளுத்த பிறகும் நான்கைந்து நாள் ஈரம் நிற்கிறது. இது என் கண்ணால் பார்த்தது, எல்லா மண்ணுக்கும் சொல்லவில்லை. காற்று கூடுதலாகக் கேட்கிற அந்த ஒரு நாளை இப்படித்தான் திருப்பிக் கொடுக்க முடிகிறது.

இன்னொன்று, வங்கிக்காரன் புத்தி. ஒரு மழைமானி வாங்கிக் களத்து ஓரம் நட்டு, தினமும் காலை எட்டரைக்கு அளவை நோட்டில் எழுதுகிறேன். 2.5 மி.மீ.க்கு மேல் பெய்தால்தான் அது மழை நாள். ஒன்றிய வேளாண் அமைச்சகத்தின் 2016ஆம் வருட வறட்சிக் கையேட்டில் ஒரு பயனுள்ள வரையறை இருக்கிறது. பருவம் தொடங்க வேண்டிய நாளுக்குப் பிறகு தொடர்ந்து மூன்று நான்கு வாரம், ஒவ்வொரு வாரமும் இயல்பில் பாதிக்கும் குறைவாகப் பெய்தால் அது வறண்ட இடைவெளி. இலேசான மண்ணுக்கு மூன்று வாரம், கட்டியான மண்ணுக்கு நான்கு. பருவத்தின் மொத்த மழை இயல்பாக இருந்தாலும் இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டி நாம் பேசலாம். ஆனால் தேதி வேண்டும், அளவு வேண்டும். தாலுகா மழைமானி இருக்கும் இடத்தில் பெய்ததும் நம் வயலில் பெய்ததும் ஒன்றல்ல.

கேள்வி கேட்ட பக்கத்து நிலத்துக்காரருக்கும் ஒரு மழைமானி வாங்கிக் கொடுத்தேன். முதல் வாரமே வந்து நின்றார். "சார், உங்களுக்கும் எனக்கும் நடுவுல ஒரு வரப்புதான். உங்களுக்கு 31, எனக்கு 22. யாரு கணக்கு தப்பு?" இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவர் மானியைத் தென்னை மரத்தடியில் நட்டிருந்தார். திறந்த வெளிக்கு மாற்றிவிட்டோம். அந்த ஒரு வாரத்தை இரண்டு பேரும் அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கியிருக்கிறோம்.