கிணற்றில் எண்ணெய் கலந்தால் யார் பொறுப்பு?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. குடிக்க, குளிக்க, வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்க, எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். அந்த நீரும் சுண்ணக்கற்பாறையின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்கியிருப்பது. இப்படிப்பட்ட நிலத்தில் ஒரு வளவுக்குள் கொட்டிய எண்ணெய் அந்த வளவோடு நிற்காது; அயலவர் கிணற்றுக்கும் போய்ச் சேரும்.

குடாநாட்டிலுள்ள சுன்னாகத்தில் நடந்தது அதுதான். அனல் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்ததாக மக்கள் முறையிட்டனர். 2015இல் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் நிலையத்தின் இயக்கத்தை நிறுத்தியது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: மின் நிலையத்தை நடத்திய நோர்தேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை அத்தீர்ப்பில் உறுதியாக நின்றது.

ஆபத்து என்ன?

எண்ணெய் நீரைவிட இலேசானது. மண்ணூடாக இறங்கி, நீர்மட்டத்தின் மேல் படலமாக மிதக்கும். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது தானும் உயர்ந்து, கோடையில் தாழும்போது தானும் இறங்கி, வழியெல்லாம் மண்ணிலும் கல்லிலும் ஒட்டிக்கொள்ளும். அதில் ஒரு பகுதி நீரில் கரையும். பெற்றோலில் உள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குடிநீரில் அது லீற்றருக்கு 0.01 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். கொதி கிருமியைத்தான் கொல்லும். பென்சீன் ஆவியாகி அடுப்படியில் நிற்பவரின் மூச்சில் ஏறும், கனமான எண்ணெய் பாத்திரத்திலேயே தங்கும். குளோரின் போடுவதாலும் பயனில்லை.

நீரின் மேல் வானவில் நிறம் தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். துண்டு துண்டாக உடைந்து அப்படியே நின்றால் அது பெரும்பாலும் இரும்புப் பற்றீரியா. கலைத்த இடம் உடனே மூடிக்கொண்டால் எண்ணெயாக இருக்கலாம். இது முதல் அடையாளம் மட்டுமே; முடிவு சொல்ல ஆய்வுகூடம் வேண்டும்.

துப்புரவு என்றால் எது?

கிணற்றை இறைத்துவிடுவது துப்புரவாகாது. சுற்றியுள்ள நிலத்தில் எண்ணெய் இருக்கும்வரை, இறைக்க இறைக்க அது கிணற்றை நோக்கி வரும். முதலில் கசிவை அடைக்க வேண்டும். அடுத்து, கண்காணிப்புக் கிணறுகள் தோண்டி எண்ணெய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று அறிய வேண்டும். மிதக்கும் எண்ணெயை உறிஞ்சி எடுத்து, ஊறிப்போன மண்ணை அகழ்ந்து, நுண்ணுயிர்களால் சிதைக்கும் முறையிலோ வேறு தகுந்த முறையிலோ சுத்திகரிக்க வேண்டும். நீரை வெளியே எடுத்து, உயிர்ப்பூட்டிய கரி வழியாக வடித்துத் தூய்மையாக்க வேண்டும். பெற்றோல் போல ஆவியாகும் எண்ணெயானால் மண்ணிலிருந்து ஆவியை உறிஞ்சியும் அகற்றலாம். கனமான எரிஎண்ணெய்க்கு அது உதவாது. பிறகு மழையிலும் கோடையிலும் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும். ஒரே ஒரு பரிசோதனையைக் காட்டி “சுத்தமாகிவிட்டது” என்றால் ஏற்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

- எண்ணெய் கலந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ பாவிக்காதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, மாற்றுக் குடிநீர் கேளுங்கள்.
- நாள், மணம், நிறம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதுங்கள், படம் எடுங்கள். மாதிரி எடுக்கக் கண்ணாடிப் போத்தலே ஏற்றது. போத்தலை ஆய்வுகூடத்திடமே கேட்டு வாங்கி, நிரப்பி மூடி, ஐஸில் வைத்துக் கொடுங்கள்.
- மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் முறையிட்டு, பிரதியில் ஒப்பம் வாங்குங்கள். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், கசிவுக்குக் காரணமான நிறுவனம் உரிமம் பெற்றதா, நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறதா என்று கேளுங்கள்.
- பரிசோதனை அறிக்கைகளை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். தருவதா இல்லையா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.
- கசிவு தொடர்ந்தால், பொதுத் தொல்லை என நீதவான் நீதிமன்றத்தை நாடலாம்.
- அரச அமைப்பு கடமை தவறினால் அடிப்படை உரிமை மனு உண்டு. அதை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது. வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகலாம்.

தனி ஒரு வீட்டு முறைப்பாடு கோப்புக்குள் அடங்கிப் போகலாம். ஒழுங்கை முழுவதும் கையொப்பமிட்ட முறைப்பாட்டை அப்படி ஒதுக்கிவிட முடியாது. எண்ணெய் மணம் வந்த அன்றே அயலவரைக் கூட்டுங்கள், அன்றே எழுதுங்கள். நிலத்தைக் கெடுத்தவர் செலவிலேயே அதைத் துப்புரவாக்கக் கேட்பது உங்கள் உரிமை.