சாப்பாட்டைக் கண்டால் பயம்

வீட்டில் சோறு இருக்கிறது. குழம்பு இருக்கிறது. ஆனால் மகள் தட்டைத் தள்ளி வைக்கிறாள்.

"கொஞ்சம் சாப்பிடு கண்ணு."

"வேண்டாம்மா. வயிறு நிறைஞ்சிருக்கு."

நேற்றும் இதே பதில். போன மாதமும் இதே பதில். அவளுடைய சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. தலைமுடி கொட்டுகிறது. மாதவிலக்கு நின்றுவிட்டது. வெயிலிலும் குளிர்கிறது என்கிறாள்.

அப்பா திட்டுகிறார். பாட்டி மந்திரிக்கச் சொல்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி, "எல்லாம் திமிர்" என்கிறாள்.

இது திமிர் இல்லை. பேயும் இல்லை. இது ஒரு மனநோய்.

இதன் பெயர் அனோரெக்சியா நெர்வோசா. 1873-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இப்பெயரை வைத்தார்.

வறுமையால் பட்டினி கிடப்பது வேறு. விரதம் வேறு. இந்த நோயில், உடம்பு பெருத்துவிடுமோ என்ற பயம் மனத்தைப் பிடித்துக்கொள்கிறது. எலும்பு தெரிய மெலிந்தவரும், தான் குண்டாக இருப்பதாகவே நினைப்பார். நம் நாட்டில் சிலர் இந்தப் பயத்தைச் சொல்வதில்லை. "பசியில்லை", "வயிறு வலிக்கிறது" என்று மட்டும் சொல்வார்கள்.

இளம் பெண்களுக்கு இது அதிகம் வருகிறது. ஆண்களுக்கும் வரும். காரணம் ஒன்றல்ல. பரம்பரை, மனக்கவலை, பிறர் செய்யும் கேலி எல்லாம் சேரலாம்.

உணவு கிடைக்காத உடல் தன் தசையையே கரைக்கும். இதயமும் பலவீனமாகும். அமெரிக்கப் பாடகி கேரன் கார்பென்டர் புகழ் பெற்றவர். பணத்துக்குக் குறைவில்லை. இந்த நோயால் இதயம் கெட்டு, 1983-ல் 32 வயதில் இறந்தார்.

என்ன செய்யலாம்?

திட்டாதீர்கள். வாயில் திணிக்காதீர்கள். "குண்டு", "ஒல்லி" என்று பேசாதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். காசநோயாலும் உடல் மெலியும். எந்த நோய் என்று மருத்துவர்தான் பரிசோதித்துச் சொல்ல வேண்டும். மயங்கி விழுந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

நெடுநாள் சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பதும் ஆபத்து. மருத்துவர் சொல்லும் அளவே கொடுக்க வேண்டும்.

மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை. இரவிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

அந்த அம்மா மகளை மருத்துவரிடம் கூட்டிப் போனாள். மனநல மருத்துவரும் பார்த்தார். குணமாகப் பல மாதங்கள் ஆகும் என்றார். இப்போது அப்பா திட்டுவதில்லை. எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மகள் தட்டைத் தள்ளவில்லை. மெதுவாகச் சாப்பிடுகிறாள்.

பேசிப் பார்ப்போம்
1. உடம்பைப் பார்த்து யாரையாவது நாம் கேலி செய்திருக்கிறோமா?
2. நம் வீட்டில் ஒருவர் சாப்பிட மறுத்தால் முதலில் என்ன செய்வோம்?