திரைப்படத் திட்டமிடலில் கதைப்பலகை: ஆய்வுச் சான்றாகக் கொள்ளும் முறை

முன்னுரை

திரைப்படம் எழுத்தில் தொடங்கினாலும் காட்சியாகவே பார்வையாளரை அடைகிறது. எழுத்து காட்சியாக மாறும் இடைநிலையில் எடுக்கப்படும் முடிவுகளின் பதிவே ஸ்டோரிபோர்டு எனப்படும் கதைப்பலகை. அதனை ஆய்வுச் சான்றாகக் கொள்ளும் முறையைச் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955), ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ (1959) ஆகிய படங்களின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றமும் அமைப்பும்

1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னியின் கூடத்தில், கதைக்கான படங்களைத் தனித்தனித் தாள்களில் வரைந்து பலகையில் வரிசையாகக் குத்திவைக்கும் முறை நிலைபெற்றது. பெயர்க்காரணமும் இதுவே. பின்னர் இம்முறை நடிகர்கள் தோன்றும் திரைப்படங்களுக்கும் விளம்பரம், தொலைக்காட்சி ஆகியவற்றிற்கும் பரவியது.

கதைப்பலகையின் கட்டங்கள் ஷாட்டுகளைக் குறிப்பன. கட்டத்தின் அகல உயர விகிதம் திரையின் விகிதத்தை ஒத்திருத்தல் வேண்டும். பழைய தொலைக்காட்சிக்கு 4:3, இன்றைய தொலைக்காட்சிக்கு 16:9. அம்புக்குறி அசைவைக் காட்டும். உரையாடலும் ஒலிக்குறிப்பும் கட்டத்தின் கீழ் இடம்பெறும். ‘அவள் அஞ்சினாள்’ என்று திரைக்கதை எழுதிவிடலாம். அவ்வச்சம் முகத்தில் புலப்படுமா, கைவிரல்களில் புலப்படுமா, எத்தொலைவிலிருந்து காட்டப்படும் என்பவற்றைக் கதைப்பலகை முடிவு செய்தாக வேண்டும். அரங்கின் அளவு, ஒளியமைப்பு, செலவு ஆகியன இம்முடிவையே சார்ந்துள்ளன.

ராயின் வரைபடங்கள்

விளம்பர நிறுவனத்தில் ஓவியராகப் பணியாற்றிய ராய், விபூதிபூஷண் பந்தோபாத்யாயின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலின் சுருக்கப் பதிப்பிற்குப் படங்கள் வரைந்தவர். அந்நாவலைப் படமாக்கியபோது அவர் முழுமையான திரைக்கதை எழுதவில்லை. காட்சிகளை வரைந்து குறிப்புகளுடன் தொகுத்தார். அத்தொகுப்பையே தயாரிப்பாளர்களிடமும் காட்டினார். 1952 அக்டோபரில் தொடங்கிய படப்பிடிப்பு பணமின்மையால் பலமுறை தடைப்பட்டது. நாணற்பூக் காட்சியில் ஒரு பகுதி எடுக்கப்பட்டபின் மாடுகள் பூக்களை மேய்ந்துவிட்டதால், எஞ்சிய பகுதிக்கு அடுத்த பூக்கும் பருவம்வரை காத்திருக்க நேர்ந்தது. இத்தகைய நீண்ட இடைவெளிகளில் காட்சித் தொடர்ச்சியைக் காப்பதற்கு வரைபடம் துணையாகும். ராயின் அத்தொகுப்பு பாரிசிலுள்ள பிரெஞ்சுத் திரைப்பட ஆவணக் காப்பகமான சினமாதெக் பிரான்சேஸிடம் ஒப்படைக்கப்பட்டது.

சான்றின் காலம்

கதைப்பலகை அனைத்தும் படப்பிடிப்பிற்கு முந்தியவை எனக் கொள்ளுதல் பிழையாகும். ‘நார்த் பை நார்த்வெஸ்ட்’ படத்தில் வானூர்தி நாயகனைத் துரத்தும் காட்சிக்குரிய புகழ்பெற்ற வரைபடங்கள், படப்பிடிப்பிற்குப் பின் விளம்பரத்திற்காக வரையப்பட்டவை என்பதை பில் குரோன் எடுத்துக்காட்டியுள்ளார். ஹிட்ச்காக் அனைத்தையும் முன்னரே வரைந்து முடிப்பவர் என்ற கருத்தை அவ்வரைபடங்களைக் கொண்டு நிறுவ இயலாது.

முடிவுரை

எனவே கதைப்பலகையை ஆராய்வோர் மூன்றினை உறுதிசெய்தல் வேண்டும்: அது வரையப்பட்ட காலம், வரைந்தவர், வரையப்பட்டதன் நோக்கம். அதன்பின் வரைபடத்தையும் படத்தையும் ஒப்பிடும்போது, இரண்டும் வேறுபடும் இடங்களே இயக்குநரின் மறுசிந்தனையைக் காட்டும். படம் வெளிவந்தபின் கதைப்பலகையைப் பயனற்ற தாளெனக் கழித்துவிட்டால் இம்மறுசிந்தனையின் தடயமும் அழியும். திரைக்கதைப் படிகளுக்கு இணையாக அதனைப் பாதுகாத்தல் திரைப்பட ஆய்விற்கு இன்றியமையாதது.