பிரார்த்தனைக்கு 10 பேர் இல்லை: அருங்காட்சியகமாக மாறிய யூதர் கோவில்!

எர்ணாகுளம்: சேந்தமங்கலம்னு சொன்னதும் நாமக்கல் பக்கத்து ஊர்னு நினைச்சுடாதீங்க. இது கேரளாவில், எர்ணாகுளம் மாவட்டம் வடக்கு பரவூர் அருகே இருக்கும் சேந்தமங்கலம். கைத்தறி வேட்டிக்கு பேர் போன ஊர். இங்குள்ள பழமையான யூதர் கோவில் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

யூதர்கள் எப்படி வந்தாங்க?

எல்லாம் மிளகு வியாபாரம்தான். கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதருக்கு 72 உரிமைகள் கொடுத்து செப்பேடு எழுதித் தந்தார். அது வட்டெழுத்தில் உள்ளது. சேந்தமங்கலத்தில் கொச்சி மன்னரின் முதன்மை அமைச்சர்களான பாலியத்து அச்சன் குடும்பத்தினர் யூதர்களை ஆதரித்தனர். கோவில், மசூதி, சர்ச், யூதர் கோவில் நான்கும் இங்கே பக்கத்து பக்கத்திலேயே இருக்கின்றன.

உள்ளே என்ன இருக்கு?

நடுவில் வேதம் வாசிக்கும் மேடை. மாடியில் இன்னொரு மேடை. இப்படி 2 மேடை வைப்பது கேரள யூதர் கோவில்களின் தனிச்சிறப்பு. மாடி மேடைக்குப் பின்னால், மரச்சட்ட தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் அமர்வார்கள். வாசலில் கி.பி. 1269ம் ஆண்டு எபிரேய கல்லறைக்கல் ஒன்று நிற்கிறது. 'சாரா' என்ற பெண்ணுடையது. இந்தியாவில் கிடைத்த எபிரேய கல்லறைக்கற்களில் இதுவே மிகப் பழமையானதாக கருதப்படுகிறது.

ஏன் மூடினாங்க?

யூத மத வழக்கப்படி, கூட்டு பிரார்த்தனைக்கு 13 வயது நிரம்பிய ஆண்கள் 10 பேராவது வேண்டும். ஒருத்தர் குறைந்தாலும் முடியாது. 1948ல் இஸ்ரேல் நாடு உருவானது. 1950களில் கேரள யூதர்கள் குடும்பம் குடும்பமாக அங்கே கிளம்பினார்கள். அக்கம்பக்கத்தார் யாரும் விரட்டவில்லை. தங்கள் புண்ணிய பூமியில் வாழணும்ங்கிற ஆசைதான் முக்கிய காரணம். ஆள் இல்லாத கோவில் பாழடைந்தது. பின்னர் அரசு சீரமைத்து, 2006ல் அருங்காட்சியகமாக திறந்தது.

போனவர்கள் ஊரை மறக்கவில்லை. கேரள யூதப் பெண்கள் கல்யாணத்திலும் பண்டிகையிலும் பாடிய மலையாளப் பாட்டுகளை நோட்டுகளில் எழுதி வைத்து, இஸ்ரேலுக்கும் கையோடு கொண்டு போனார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.