வகுப்பறையிற் கணனி விளையாட்டு: ஆசிரியர் தொடங்கும் நெறி

விளையாட்டும் கல்வியும் தம்முள் மாறுபட்டவை எனக் கருதுவோர் ஒரு சாரார். விளையாட்டைக் கணனித் திரையில் ஏற்றிவிட்டாற் கல்வி தானே விளையும் என நம்புவோர் மற்றொரு சாரார். இவ்விரு கொள்கைகளும் பொருந்தாமையை, ஐக்கிய அமெரிக்காவிலே தோன்றிய ‘ஓரிகன் டிரெயில்’ என்னும் விளையாட்டின் வரலாறு தெளிவாகக் காட்டும். கணனி விளையாட்டொன்றை முதன்முதலாக வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல விழையும் ஆசிரியர்க்கு அவ்வரலாறு நல்லதொரு வழிகாட்டியுமாகும்.

1971ஆம் ஆண்டிலே, கார்ல்டன் கல்லூரி மாணவராகிய டொன் ரவிச், பில் ஹைன்மன், போல் டிலன்பேகர் என்னும் மூவர் மினியாபோலிஸ் நகரப் பாடசாலைகளிற் கற்பித்தற் பயிற்சி பெற்று வந்தனர். ரவிச் எட்டாம் வகுப்புக்கு வரலாறு கற்பித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், மிசூரி மாநிலத்திலிருந்து ஓரிகன் நோக்கி ஏறத்தாழ 2,000 மைல் மாட்டுவண்டிகளுடன் சென்ற குடியேறிகளின் பயணத்தை விளக்க, அவர் அட்டையில் ஆடும் ஆட்டமொன்றை அமைக்க முற்பட்டார். கணிதம் கற்பித்த ஏனைய இருவரும் அதனைக் கணனி நிரலாக்கினர். அன்று அவ்வகுப்பிலே திரை இல்லை. தொலைதட்டச்சுப் பொறி தாளில் அச்சிட்ட சொற்களே விளையாட்டாக அமைந்தன. மாணவர் குழுக்களாகப் பிரிந்து, பொறியைச் சூழ்ந்து நின்று ஆடினர். 1973இல் நிறுவப்பட்ட மின்னசோட்டாக் கல்விக் கணனிக் கூட்டமைப்பில் 1974இல் இணைந்த ரவிச், பயணிகளின் நாட்குறிப்புக்களை ஆராய்ந்து, நோய், வண்டி முறிவு முதலிய இடர்கள் நிகழும் வீதத்தைத் திருத்தியமைத்தார். அக்கூட்டமைப்பு 1985இல் அப்பிள் கணனிக்கென வெளியிட்ட பதிப்பே அந்நாட்டுப் பாடசாலைகளிற் பெரிதும் பரவியது.

இவ்வரலாற்றிற் கவனிக்கத்தக்கது யாதெனின், பாடம் முன்னின்றது, பொறி பின்வந்தது என்பதே. புதிதாகத் தொடங்கும் ஆசிரியரும் அம்முறையையே கைக்கொள்ளல் வேண்டும். மாணவர் தம்மினும் விரைவாகப் பொறியைக் கையாள்வர் என்னும் கூச்சம் பலரைத் தடுப்பதுண்டு. அது வீண் கூச்சமாகும். விரல்களின் விரைவை ஆசிரியரிடம் எவரும் எதிர்பார்ப்பதில்லை. எதனைக் கேட்க வேண்டும் என்னும் தெளிவையே எதிர்பார்க்கின்றனர். ஆதலால், வகுப்புக்கு முன்னர் ஆசிரியர் விளையாட்டை ஒருமுறையேனும் தாமே முற்றாக ஆடிப்பார்த்து, அதிலிருந்து ஒரேயொரு வினாவைத் தெரிந்துகொள்ளுதல் போதுமானது.

அத்தகைய வினாக்களை 1985ஆம் ஆண்டுப் பதிப்பு நிரம்பத் தருகின்றது. அதில் வங்கியாளர் 1,600 டொலருடனும், தச்சர் 800 டொலருடனும், உழவர் 400 டொலருடனும் புறப்படுவர். ஆனால் இறுதியிலே தச்சரின் புள்ளிகள் இருமடங்காகவும் உழவரின் புள்ளிகள் மும்மடங்காகவும் பெருக்கப்படும். இவ்வேற்றுமை ஏன் அமைந்தது? மிக முந்திப் புறப்பட்டால் எருதுகளுக்குப் புல் இல்லை. பிந்திப் புறப்பட்டால் மலைவழியிற் பனி சூழும். எனின், எம்மாதம் ஏற்றது? இவற்றுள் ஒன்றே ஒரு பாடவேளைக்கு அமையும்.

ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு கணனி வேண்டும் என்பதும் இல்லை. நால்வர் அல்லது ஐவர் கொண்ட குழுவில் ஒருவர் விசைப்பலகையை இயக்க, ஒருவர் செலவுக் கணக்கை எழுத, ஒருவர் நிலப்படத்தைப் பார்க்க, ஒருவர் நாட்குறிப்பு வரையலாம். ஆற்றங்கரையை அடைந்ததும் ஆட்டத்தை நிறுத்தல் வேண்டும். வண்டியை நீரில் இறக்கிக் கடப்பதா, மிதக்கவிடுவதா, கூலி கொடுத்து ஓடத்தில் ஏற்றுவதா என்பதைத் தீர்மானிக்குமுன், ஒவ்வொரு குழுவும் தன் காரணத்தை எழுதிக் காட்டுதல் நன்று. நாற்பது நிமிடப் பாடமாயின் இருபது நிமிடமே ஆட்டத்துக்கு உரியது. எஞ்சியது உரையாடலுக்கு உரியது. உரையாடலுக்கு இடமின்றி முடியும் ஆட்டம், வென்றோர் தோற்றோர் என்னும் ஆரவாரத்தோடு நின்றுவிடும்.

உரையாடல் இன்றியமையாதது என்பதற்கு மற்றுமொரு காரணமும் உண்டு. எவ்விளையாட்டும் உலகம் முழுவதையும் காட்டுவதில்லை. ஒன்றைக் காட்டும்போது மற்றொன்றை மறைக்கின்றது. வாந்திபேதியால் மாண்ட குழந்தையின் செய்தி திரையில் ஒரு வரியாக வந்து மறைய, மாணவர் நகைத்து அப்பாற் செல்வர். வண்டிகள் கடந்த நிலமோ பல பழங்குடி மக்களின் தாயகமாகும். விளையாட்டு குடியேறிகளின் கண்கொண்டே அப்பயணத்தைக் காட்டியமையால், அம்மக்கள் இழந்தவை பழைய பதிப்புக்களிற் போதிய இடம் பெறவில்லை. 2021இல் வெளிவந்த புதிய பதிப்பைச் செய்தோர் அமெரிக்கப் பழங்குடி வரலாற்றறிஞரின் ஆலோசனையை நாடியமை இக்குறையை உணர்ந்தே எனலாம். பழைய பதிப்பை ஆடிய வகுப்பிலே, “இந்நிலம் யாருடையது? அவர்க்கு நேர்ந்தது யாது?” என ஆசிரியர் வினவாவிடின், ஒருபுறச் சார்பான வரலாறே இளம் உள்ளத்தில் முழு வரலாறாகப் பதிந்துவிடும். பயணிகளின் நாட்குறிப்பிலிருந்து ஒரு பக்கத்தையும், பழங்குடியினரின் வரலாற்றிலிருந்து ஒரு பக்கத்தையும் அருகருகே வைத்துப் படிப்பித்தல் இதற்குத் தக்க மருந்தாகும்.

இந்நெறி ஓரிகன் பயணத்துக்கு மட்டும் உரியதன்று. நகரமைப்பு, வேளாண்மை, உயிரியல் என எப்பொருள் பற்றிய விளையாட்டாயினும், ஆசிரியர் முன்னர் ஆடிப்பார்த்தல், வினாவொன்றைத் தெரிதல், பணிகளைப் பகிர்தல், இடையே நிறுத்தல், மறைந்ததை வெளிக்கொணர்தல் என்னும் ஐந்தும் பொருந்தும். தொடக்கத்தில் ஒரு வகுப்பு, ஒரு கணனி, ஒரு வினா என்னும் அளவே போதும். கணனி நிகழ்ச்சிகளை விரைந்து அடுக்கித் தரவல்லது. அவற்றின் பொருளை மாணவர் நின்று எண்ணுமாறு செய்வது ஆசிரியர் தொழிலாகும்.