கடலடியில் ஒரு சாட்சி

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரையோரம் எங்கு நின்றாலும் கப்பல்களைக் காணலாம். இந்தக் கடலைக் காவல் காக்கச் சிறு விமானங்களும் பறக்கின்றன. அத்தகைய விமானத்தின் எஞ்சின் நடுவானில் நின்றுவிட்டால் என்ன ஆகும்?

கல்லைப் போல் விழுந்துவிடும் என்று எண்ண வேண்டாம். இறக்கைகளின் மேல் காற்று ஓடும்வரை தூக்குவிசை உண்டு. 1 மீட்டர் இறங்குவதற்குள் சிறு விமானம் ஏறத்தாழ 9 மீட்டர் முன்னே சென்றுவிடும். எண்ணூருக்கு மேல் 1000 மீட்டர் உயரத்தில் எஞ்சின் நின்றால், திருவொற்றியூரையும் தாண்டிச் சறுக்கி வரலாம். நடுக்கடலிலோ நீரில்தான் இறங்கியாக வேண்டும்.

விமானம் மூழ்கிவிட்டால், எஞ்சின் நின்றதா, வேறு காரணமா என்பதை எப்படி அறிவது? முதலில் அதைத் தேடிப்பிடிக்க வேண்டும் அல்லவா?

2015 ஜூன் 8 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட கடலோரக் காவல் படையின் டோர்னியர் விமானம் மூன்று பேருடன் இரவில் மறைந்தது. அதன் கறுப்புப் பெட்டியோடு சிறிய ஒலிக்கருவி ஒன்று இணைந்திருந்தது. தண்ணீர் பட்டதும் இத்தகைய கருவி தானே இயங்கும். நொடிக்கு ஒருமுறை ஒலி எழுப்பும். அதன் அதிர்வெண் 37.5 கிலோஹெர்ட்ஸ். நம் காது சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும்.

வானொலி அலையை ஏன் அனுப்பக்கூடாது? உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால் அந்த அலைகளை விரைவில் விழுங்கிவிடும். ஒலியோ கடல்நீரில் நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் வேகத்தில் செல்லும். காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்! ஆனால் அன்றைய ஒலிக்கருவிகளின் பாட்டரிக்குப் பொதுவாக 30 நாள் ஆயுள்தான் உறுதியாக இருந்தது. அதற்குள் கேட்டாக வேண்டியிருந்தது.

கடற்படையின் சிந்துத்வஜ் நீர்மூழ்கிக் கப்பல் அந்த ஒலியைக் கேட்டது. ஜூலை 10 அன்று ஒலிம்பிக் கேன்யன் என்ற கப்பல், ஏறத்தாழ 1000 மீட்டர் ஆழத்திலிருந்து கறுப்புப் பெட்டியை மீட்டது. மூவரும் உயிரிழந்திருந்தனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் நோக்கிச் சென்ற ஏஎன்-32 விமானம் 29 பேருடன் மறைந்தது. அதில் இத்தகைய ஒலிக்கருவி இல்லை. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் தானியங்கி ஆழ்கடல் கலம் 3400 மீட்டர் ஆழத்தில் எடுத்த படங்களில் அதன் சிதைவுகள் அடையாளம் காணப்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வெளிவந்தது. குடும்பங்கள் ஏழாண்டுகளுக்கு மேல் காத்திருந்தன.

கறுப்புப் பெட்டி இல்லாத சிறு விமானங்களும் உண்டு. அங்கே உலோகமே சாட்சி. வேகமாகச் சுழலும்போது நீரில் மோதிய விசிறியின் அலகுகள் முறுக்கிக்கொண்டு, நுனி முன்னோக்கி வளையும். நின்றுபோன விசிறியின் அலகு பெரும்பாலும் பின்பக்கமே மடியும். பழைய விமானங்களின் எச்சரிக்கை விளக்கும் பேசும். எரிந்துகொண்டிருந்தால் சூடான இழை மோதலில் நீண்டு தொங்கும். அணைந்திருந்தால் குளிர்ந்த இழை நீளாமல் படக்கென்று முறியும்.

ஒரே தடயத்தை வைத்து ஆய்வாளர் முடிவு சொல்வதில்லை. விசிறி, விளக்கிழை, எரிபொருள் எல்லாம் ஒத்துச் சொன்னால்தான் காரணம் உறுதியாகும். காரணம் தெரிந்தால்தான் அதே தவறு மீண்டும் நேராமல் தடுக்க முடியும். நாளை பறக்கும் விமானிக்கு அதுவே காவல்.